சாயம் போகும் என்று சொல்லியே விற்ற துணி

அமெரிக்கக் கல்லூரி மாணவர் உடையின் வரலாறும் அதில் வணிகர்களுக்குள்ள பாடமும்

வாங்கிப் போன சட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஒரு வாடிக்கையாளர் கடை வாசலில் வந்து நிற்கிறார். "ஒரே சலவையில் சாயம் போய்விட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார். ஜவுளிக்கடையில் சாயம் போன துணி என்றால் மளிகைக்கடையில் வண்டு விழுந்த பருப்பு. இந்தக் காட்சியைக் காணாத வியாபாரி நம்மில் ஒருவரும் இருக்க முடியாது.

ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே காட்சி அமெரிக்காவின் மிகப் பழைய ஆயத்த ஆடைக் கடை ஒன்றில் நடந்தது. ஒருவர் இருவர் அல்ல, வரிசையாக வந்தார்கள். அவர்கள் கையில் இருந்த துணியின் பெயர் 'மெட்ராஸ்'. ஆம், நம் தலைநகரின் பழைய பெயர்தான்! அந்தச் சங்கடம் எப்படிப் பெரிய வியாபாரமாக மாறியது என்பதை அறிய, முதலில் அந்தத் துணியை யார் உடுத்தினார்கள், எந்த மாதிரி உடையோடு உடுத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரெப்பி என்றால் என்ன?

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார் செய்யும் தனியார் பள்ளிகள் நெடுங்காலமாக உண்டு. 1778ல் தொடங்கிய ஆண்டோவர், 1781ல் தொடங்கிய எக்ஸிடர் ஆகியவை அவற்றுள் புகழ் பெற்றவை. இவற்றை 'பிரிபரேட்டரி' பள்ளிகள் என்பார்கள். அங்கே படித்தவன் 'பிரெப்பி'. அங்கிருந்து அவன் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற பல்கலைக்கழகங்களுக்குப் போவான். அவன் உடுத்திய உடைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

இவற்றுள் யேல் பல்கலைக்கழகத்தின் பெயருக்கே நம் ஊரோடு தொடர்பு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் செய்து பெரும் பொருள் சேர்த்தார். அவர்மீது குற்றச்சாட்டுகள் எழுந்து பதவியும் போயிற்று. ஊர் திரும்பிய பின், 1718ல் கனெக்டிகட் மாநிலத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகங்களும், அரசரின் படம் ஒன்றும் அனுப்பி வைத்தார். சரக்கில் பெரும்பகுதி துணி. அதை விற்று வந்த 562 பவுனில் கட்டடம் எழும்பியது. நன்றிக்கு அவர் பெயரையே கல்லூரிக்குச் சூட்டினார்கள்.

கடைக்காரர்கள் உண்டாக்கிய பாணி

பெரும்பாலான நாகரிக உடைகளை ஓவியம் போட்டு வடிவமைக்கும் கலைஞர்கள் உண்டாக்குகிறார்கள். இந்தப் பாணியை உண்டாக்கியவர்களோ கடைக்காரர்கள். நியூயார்க்கில் ஹென்றி சாண்ட்ஸ் புரூக்ஸ் என்பவர் 1818ல் தொடங்கிய கடை, பின்னர் அவர் பிள்ளைகள் காலத்தில் 'புரூக்ஸ் பிரதர்ஸ்' ஆயிற்று. 1902ல் லாட்வியா நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஜேகபி பிரெஸ் என்ற யூதத் தையற்காரர், யேல் பல்கலைக்கழகத்தின் அருகிலேயே 'ஜே. பிரெஸ்' கடையைத் திறந்தார். செல்வர் வீட்டுப் பையன் எதை உடுத்த வேண்டும் என்பதை, அந்தச் செல்வர்களின் சங்கங்களில் அடியெடுத்து வைக்க முடியாத ஒரு வந்தேறிக் கடைக்காரர் முடிவு செய்தார் என்றால் அது வியாபாரத்தின் மகிமைதானே!

இனி, அந்த அலமாரியில் உள்ள முக்கிய உருப்படிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொத்தான் காலர் சட்டை: புரூக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் புரூக்ஸ் இங்கிலாந்தில் போலோ ஆட்டம் பார்த்தார். குதிரை ஓடும் வேகத்தில் காலர் பறந்து முகத்தில் அடிக்காமலிருக்க, ஆட்டக்காரர்கள் காலர் நுனியைப் பொத்தான் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதைக் கண்டு 1896ல் அதே மாதிரி சட்டையைத் தம் கடையில் கொண்டுவந்தார் என்று அக்கடையின் வரலாறு கூறுகிறது. பாவில் இரண்டிரண்டு இழையாகக் கூட்டி, ஊடையில் சற்றுத் தடித்த இழை ஓட்டி நெய்த 'ஆக்ஸ்போர்டு' துணிதான் இதற்கு வழக்கம். உழைக்கும் துணி, துவைக்கத் துவைக்க மெதுவாகும்.

தொளதொளக் கோட்டு: இடுப்பில் பிடிக்காமல், தோளில் பஞ்சு வைத்துத் தூக்காமல், நேராகத் தொங்கும் கோட்டு. ஒல்லியானவருக்கும் பொருந்தும், பருத்தவருக்கும் பொருந்தும். அளவு எடுத்துத் தைக்காமல் ஆயத்தமாக விற்க இதைவிடத் தோதான வெட்டு வேறில்லை. இதோடு கருநீல பிளேசர் கோட்டு. கேம்பிரிட்ஜ் படகுச் சங்கம் ஒன்றின் தீப்போன்ற சிவப்புக் கோட்டிலிருந்து 'பிளேசர்' என்ற பெயர் வந்தது என்பர்.

கோடு போட்ட டை: இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டாளத்துக்கும் தனித்தனி நிறக்கோடு போட்ட டை உண்டு. அதை அப்படியே காப்பியடித்தால் அவர்கள் உரிமையில் கை வைத்ததாகும். ஆகவே புரூக்ஸ் கடைக்காரர்கள் கோட்டின் சாய்வை மட்டும் எதிர்த்திசைக்கு மாற்றினார்கள். சரக்கும் விற்றது, சண்டையும் வரவில்லை.

காக்கிக் கால்சட்டை: 'காக்' என்றால் பாரசீகத்தில் மண், புழுதி. 1840களின் பிற்பகுதியில் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படைக்கு மண் நிற உடுப்புக் கொடுத்ததிலிருந்து காக்கி பட்டாளத்தின் நிறம் ஆயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்கச் சிப்பாய்கள் அரசாங்கச் செலவில் கல்லூரிக்குப் போனார்கள். கையிலிருந்த பட்டாளத்துக் கால்சட்டையோடு வகுப்புக்கு வந்தார்கள். ஏழைச் சிப்பாயின் கால்சட்டையைப் பார்த்துப் பணக்காரப் பையனும் போட்டுக்கொண்டான்.

சீர்சக்கர்: இந்தப் பெயர் மளிகை வணிகர்களுக்குப் பிடிக்கும். பாரசீகத்தில் 'ஷீர் ஒ ஷக்கர்', அதாவது பாலும் சர்க்கரையும்! பால் போல வழவழப்பான கோடும், சர்க்கரை போலச் சொரசொரப்பான கோடும் அடுத்தடுத்து வரும். பாவு நூலில் சிலவற்றை இறுக்கியும் சிலவற்றைத் தளர்த்தியும் ஓட்டுவதால் துணி சுருங்கி நிற்கும். உடம்பில் ஒட்டாது, காற்றோடும், இஸ்திரி தேவையில்லை. இந்தியாவில் நெய்த இத்துணியைப் புழுக்கம் மிகுந்த நியூ ஆர்லியன்ஸ் நகரில் கோட்டாகத் தைத்துப் பெயர் பெற்றவர் ஜோசப் ஹாஸ்பெல். அந்தக் கோட்டோடு அவர் கடலில் இறங்கி நனைந்து, காயப்போட்டு, அன்றிரவு விருந்துக்கே அதை உடுத்தி வந்து காட்டினார் என்ற கதை ஜவுளி வட்டாரத்தில் பிரசித்தம்.

முதலைச் சட்டை: 'முதலை' என்று பட்டப்பெயர் பெற்ற பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட், 1933ல் ஒரு பின்னலாடை உற்பத்தியாளரோடு கூட்டுச் சேர்ந்து அரைக்கைப் பின்னல் சட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மார்பில் ஒரு முதலை. சட்டையின் வெளிப்புறத்தில் கம்பெனி முத்திரையைக் காட்டும் வழக்கம் பரவியதில் இந்த முதலைக்குப் பெரிய பங்கு உண்டு.

காலணிகள்: நார்வே நாட்டுக் காலணியைப் பார்த்து 1936ல் பாஸ் கம்பெனி செய்த, கயிறு கட்டத் தேவையில்லாத 'வீஜன்', ஈரமான படகுத் தளத்தில் வழுக்காமலிருக்க, பனியில் ஓடும் தம் நாயின் பாதத்தைப் பார்த்து 1935ல் பால் ஸ்பெரி ரப்பர் அடியில் கீறல் போட்டுச் செய்த படகுச் செருப்பு. இரண்டும் இன்றும் விற்கின்றன.

நூறு ஜோடியில் தொண்ணூறு திரும்பி வந்தது

மெட்ராஸ் துணிக்கு வருமுன் இன்னொரு காலணியின் கதையைச் சொல்லியாக வேண்டும். மெய்ன் மாநிலத்தில் லியோன் லியோன்வுட் பீன் என்ற வேட்டைப் பிரியர், அடிப்பாகம் ரப்பரும் மேல்பாகம் தோலுமாக ஒரு காலணி செய்தார். 1912ல், வேட்டை உரிமம் வாங்கிய வெளியூர்க்காரர்களின் பட்டியலைப் பிடித்து எல்லோருக்கும் துண்டு விளம்பரம் அனுப்பினார். திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ் என்று உறுதி கூறியிருந்தார். முதலில் விற்றது 100 ஜோடி. அதில் 90 ஜோடி ரப்பரும் தோலும் பிய்ந்து திரும்பி வந்தன!

நம்மில் பலர் அன்றே கடையைச் சாத்தியிருப்போம். அவர் சொன்ன சொல்படி தொண்ணூறு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடன் வாங்கி, தையலைச் சரி செய்து, மறுபடி விற்றார். அந்தக் காலணிதான் பின்னாளில் கல்லூரிப் பையன்களின் மழைக்காலச் செருப்பாயிற்று. அதன் பேரில் வளர்ந்ததுதான் எல்.எல்.பீன் நிறுவனம்.

மெட்ராஸ் துணியின் கதை

சாயம் தோய்த்த நூலைப் பாவிலும் ஊடையிலும் கலந்து ஓட்டிக் கைத்தறியில் நெய்த பருத்திக் கட்டம்தான் மெட்ராஸ். நம் வீட்டில் லுங்கியாகவும் கைக்குட்டையாகவும் பார்த்துப் பழகிய கட்டம். 1639ல் ஆங்கிலேயர் சென்னைக் கடற்கரையில் இடம் பிடித்ததே இந்தப் பகுதியின் துணிக்காகத்தான். சென்னைத் துறைமுகத்திலிருந்து போன கட்டத் துணி மேற்கு ஆப்பிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது. அத்தீவுகளுக்கு ஓய்வெடுக்கப் போன அமெரிக்கச் செல்வர்கள் அதைக் கண்டு விரும்பினார்கள். கோடைக்காலச் சட்டையாகவும் கோட்டாகவும் அது பிரெப்பி அலமாரிக்குள் நுழைந்தது.

கண்ணூரைச் சேர்ந்த கேப்டன் கிருஷ்ணன் நாயர், பட்டாளத்திலிருந்து விலகி மாமனாரின் கைத்தறி வியாபாரத்தில் இறங்கியவர். பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவிப் பெரும் புகழ் பெற்று 2014ல் மறைந்தார். அவர் தாமே சொன்ன வரலாறு இது.

1958ல் வில்லியம் ஜேகப்சன் என்ற அமெரிக்க இறக்குமதி வணிகர் அவரிடம் துணி வாங்க வந்தார். நாயர் காட்டிய கட்டத் துணி அவருக்குப் பிடித்துப்போயிற்று. கஜம் ஒரு டாலர் என்று விலை பேசினார்கள். துணியைக் கொடுக்கும்போதே நாயர் சொன்னார்: "இது சாயம் கசியும் துணி. குளிர்ந்த நீரில் தனியாக, பதமாக அலச வேண்டும்." ஜேகப்சன் கேட்டுக்கொண்டார். நியூயார்க் போனதும் 10,000 கஜத்தைப் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். ஆனால் அலசும் விதத்தைச் சொல்ல மறந்துவிட்டார்.

கடை அதைச் சட்டையாகவும் கால்சட்டையாகவும் தைத்து நல்ல விலைக்கு விற்றது. வாங்கியவர்கள் வழக்கம்போலச் சலவை இயந்திரத்தில் எல்லாத் துணியோடும் சேர்த்துப் போட்டார்கள். சிவப்பு மஞ்சளில் ஏறியது. நீலம் வெள்ளையில் இறங்கியது. கூடப் போட்ட துணியும் பாழ். வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கடை, இறக்குமதியாளரைப் பிடித்தது. இறக்குமதியாளர் நாயரை அமெரிக்காவுக்கு வரவழைத்தார். வழக்குப் போடப்போவதாக வக்கீல்கள் மிரட்டினார்கள். "நான் முன்பே சொன்னேனே!" என்றார் நாயர். அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் சொன்ன சொல், வாங்கியவர் காது வரை போய்ச் சேரவில்லை.

வழக்குக்குப் பதிலாக வேறொரு யோசனை பிறந்தது. 'செவன்டீன்' என்ற இளைஞர் பத்திரிகையின் ஆசிரியரிடம் நாயரை அழைத்துப் போனார்கள். கையால் நெய்த துணி, இயற்கைச் சாயம், ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய அழகு பெறும் என்று விளக்கினார்கள். பத்திரிகை படங்களோடு பல பக்கம் வெளியிட்டது. 'சாயம் கசியும் என்பதற்கு உத்தரவாதம்' என்பதே விளம்பர வாசகம் ஆயிற்று. அவ்வளவுதான். திட்டிக்கொண்டு வந்த அதே ஊரில், சாயம் போகிற மெட்ராஸ்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். சாயம் போகாவிட்டால் அது அசல் இல்லை என்றார்கள்!

துணி மாறவில்லை, சாயம் மாறவில்லை, விலையும் குறையவில்லை. விற்ற பின் தெரிந்தபோது மோசடியாகத் தோன்றிய விஷயம், விற்கும் முன் சொன்னபோது சிறப்பாகத் தோன்றியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நான்டக்கெட் தீவில் ஒரு கடை, வெளுத்துப் போகும் செங்கல் நிறக் கால்சட்டையை 'வெளுக்கும் என்று உத்தரவாதம்' சொல்லியே விற்றுப் பெயர் பெற்றதும் இதே வழியில்தான்.

ஏறியதும் இறங்கியதும்

1960களின் இறுதியில் மாணவர்கள் ஜீன்ஸுக்கு மாறினார்கள். இயந்திரத்தில் நெய்த மலிவுக் கட்டங்கள் மெட்ராஸ் என்ற பெயரில் குவிந்தன. ஆயினும் பாணி அழியவில்லை. ஜப்பானில் கென்சுகே இஷிசு என்ற வியாபாரி இதைத் தம் நாட்டு இளைஞரிடம் பரப்பினார். 1965ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் உடையைப் படம் பிடித்து 'டேக் ஐவி' என்ற புத்தகமே அங்கே வெளிவந்தது. 1986ல் ஜே. பிரெஸ் கடையை ஒரு ஜப்பானிய நிறுவனமே வாங்கிவிட்டது. புரூக்ஸ் கடையில் சிறிது காலம் விற்பனையாளராக இருந்த ரால்ப் லாரன், 1967ல் டை விற்கத் தொடங்கி 'போலோ' சாம்ராஜ்யத்தைக் கட்டினார். 1980ல் லீசா பர்ன்பாக் இந்தப் பாணியைக் கேலி செய்து எழுதிய கையேடு அமோகமாக விற்று, கேலிக்குப் பதில் விளம்பரமாக முடிந்தது.

ஆனால் முதற்கடை என்ன ஆயிற்று? 1988ல் பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 75 கோடி டாலர் கொடுத்துப் புரூக்ஸ் பிரதர்ஸை வாங்கியது. 2001ல் 22.5 கோடிக்கு விற்றுவிட்டு வெளியேறியது. 2020 ஜூலையில், கொரோனாக் காலத்தில், இருநூறு ஆண்டு கண்ட அந்தக் கடை திவால் மனுப் போட்டது. பெயரை வேறு நிறுவனம் வாங்கி நடத்தி வருகிறது. அமெரிக்காவில் இருந்த அதன் சொந்தத் தையல் ஆலைகள் மூடப்பட்டன.

அந்தக் கடையும் குறையற்றதல்ல. 1861ல் உள்நாட்டுப் போருக்கு அது தைத்துக் கொடுத்த பட்டாள உடுப்பு, கழிவுக் கம்பளியில் செய்தது என்றும், மழையில் பிய்ந்து போயிற்று என்றும் பெரும் புகார் எழுந்தது. ஒரு பகுதியைத் தன் செலவில் மாற்றிக் கொடுத்துத்தான் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. வாடிக்கையாளர் அதை மன்னித்தார்கள். ஏனென்றால் மாற்றிக் கொடுத்தார்கள்.

நமக்கு என்ன?

அரிசி பருப்பு விற்கும் நமக்கு அமெரிக்க மாணவன் சட்டையால் என்ன லாபம் என்று கேட்கலாம். நம் கடையிலும் சாயம் போகும் சரக்கு நிறைய உண்டு. மரச்செக்கு எண்ணெயில் அடியில் கசடு தங்கும். நாட்டுச் சர்க்கரை மழைக்காலத்தில் கசிந்து கட்டியாகும். நல்ல தேனும் குளிரில் உறையும். புது அரிசி குழையும். இவை எதுவும் கலப்படம் அல்ல, சரக்கின் இயல்பு. ஆனால் வாங்கிப் போன அம்மாவுக்கு வீட்டில் போய்த் தெரிந்தால் அது கலப்படம்தான். "அம்மா, புது அரிசி இது, தண்ணீர் குறைத்து வையுங்கள்" என்று எடை போடும்போதே ஒரு வார்த்தை சொன்னால், மறுமாதம் அவரே "போன தடவை சொன்னீர்களே, அதே அரிசி இருக்கிறதா?" என்று கேட்டு வருவார்.

இரண்டாவது, மொத்த வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. நாயர் சொன்னார், ஜேகப்சன் மறந்தார், கடைக்காரருக்குத் தெரியாது, பழி மூவர் தலையிலும் விழுந்தது. நாம் மூட்டையை இறக்கும்போது சரக்கின் குணத்தைச் சில்லறைக் கடைக்காரரிடம் சொல்கிறோமா? பில்லில் ஒரு வரி எழுதிவிட்டால் மறதிக்கு இடமில்லை.

மூன்றாவது, 'விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது' என்ற பலகை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், குறிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ஆகவே அந்தப் பலகை நமக்குப் பாதுகாப்பு அல்ல.

அதற்காக எதையும் எப்போதும் திரும்ப வாங்க வேண்டும் என்பதில்லை. தொண்ணூறு ஜோடியைத் திரும்ப வாங்கிய பீன் நிறுவனம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கால வரம்பின்றி வாபஸ் வாங்கியது. பழைய சாமான் கடையில் வாங்கிய தேய்ந்த செருப்பைக் கூடச் சிலர் கொண்டுவந்து பணம் கேட்டார்கள். ஐந்தாண்டில் 25 கோடி டாலர் நஷ்டம். 2018ல் ஓராண்டு வரம்பும் ரசீதும் வேண்டும் என்று விதித்தது. அதிலும் தவறில்லை. வரம்பை முன்பே சொல்லிவிட்டார்கள். நாமும் எத்தனை நாள், எந்தப் பொருள், ரசீது வேண்டும் என்பதைப் பலகையில் எழுதி வைக்கலாம்.

வள்ளுவர் வணிகருக்கென்று வைத்த குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பொருள் ஈட்டும் அதிகாரத்தில் அல்ல, நடுவுநிலைமையில் வைத்தார். ஊரின் பெயர் 1996ல் சென்னை ஆகிவிட்டது. வெளிநாட்டுக் கடைகளில் அந்தக் கட்டத் துணி இன்றும் மெட்ராஸ் என்றே விற்கிறது. உண்மையைச் சொல்லி விற்ற சரக்கு அது. நாளைக் காலை கடையைத் திறந்ததும், நம் அலமாரியில் எந்தச் சரக்குக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.